இதழியல் படிக்கப் போகிறீர்களா? முதல் செமஸ்டரிலிருந்து இன்டர்ன்ஷிப் வரை, எதை எந்த வரிசையில் செய்வது

ஒரு நாளிதழின் டெஸ்க்கில் (வரும் செய்திகளைத் திருத்தும் பிரிவில்) பல வருடம் உட்கார்ந்துவிட்டு, இப்போது வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் செய்தி எழுதும் வகுப்பு எடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், என்ன கேமரா வாங்கலாம்?"

கேமரா இந்த வழிகாட்டியில் ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன் ஐந்து படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்களிடம் மூன்றாம் வருடம் எண்பது ரீல்ஸ் இருக்கும். 'இது உண்மையா, எப்படித் தெரியும்?' என்று கேட்டால் நிற்கக்கூடிய ஒரு செய்திகூட இருக்காது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, இரண்டு பேனா. நாற்பது, ஐம்பது ஜி.பி. காலி இடமுள்ள ஒரு ஃபோன். அதில் செருகும் வயர் காலர் மைக் (ஆயிரம் ரூபாய் அளவில் கிடைப்பதே போதும்). காதில் மாட்டிக் கேட்க வயர் இயர்ஃபோன். உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி. 'ராக்கிங்ஸ்டார்' என்று தொடங்கும் முகவரியிலிருந்து வரும் இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தை எந்தச் செய்தி ஆசிரியரும் திறந்து பார்ப்பதில்லை.

லேப்டாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் வருடத்தைத் துறை லேபிலேயே ஓட்டிவிடலாம்.

1. படிப்பின் பெயரை நம்பாதீர்கள், பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

இதழியல், மாஸ் கம்யூனிகேஷன், விஷுவல் கம்யூனிகேஷன், எலக்ட்ரானிக் மீடியா என்று தமிழ்நாட்டில் நான்கைந்து பெயர்களில் பட்டம் தருகிறார்கள். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'மீடியா படிப்பு'. ஆனால் விஸ்காம் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் ஓவியம், ஒளிப்படம், விளம்பரம், குறும்படம், அனிமேஷன் பக்கம் சாய்ந்தது. நிருபராக வேண்டும் என்று சேர்ந்து, மூன்று வருடமும் ஸ்டோரிபோர்டு வரைந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிப்பில் குறை இல்லை. இவர்கள் தேடியது வேறு.

கல்லூரியின் இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கும். அதில் இவற்றைத் தேடுங்கள்: செய்தி சேகரிப்பும் எடிட்டிங்கும் தனித்தனித் தாள்களாக, செய்முறை நேரத்தோடு இருக்கின்றனவா? ஊடகச் சட்டம் முழுத் தாளா, ஒரு யூனிட்டா? தரவு, தகவல் சரிபார்ப்பு எங்கேயாவது வருகிறதா? அப்புறம், அட்மிஷன் அன்றைக்கே 'போன வருடம் லேப் ஜர்னல் எத்தனை இதழ் வந்தது, காட்ட முடியுமா?' என்று கேளுங்கள். மாணவர்களே தயாரிக்கும் அந்தப் பயிற்சி இதழ் ஒழுங்காக வரும் துறையில் மற்றவையும் ஓரளவு ஒழுங்காக நடக்கும்.

அசைன்மென்ட்டைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். தமிழ் ஊடகத்துக்குப் போக நினைப்பவர் மூன்று வருடம் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பழகினால், வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் திணறுவார். தலைகீழாகவும் அப்படித்தான்.

தேதிகள் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்காசா தளத்தில் விண்ணப்பம். அது பிளஸ் டூ முடிவையொட்டி வரும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கோ, ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்ப நாள் முடிந்துவிடும். மே மாதத்தில் வந்து கேட்பவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் பொருளாதாரம், புள்ளியியல், வரலாறு, வேளாண்மை ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு, முதுகலைக்கு இதழியல் பக்கம் வருபவர்கள் டெஸ்க்கில் சீக்கிரம் நிலைக்கிறார்கள். அவர்களுக்கு எழுதுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் ஆகிய பல்கலைக்கழகங்களில் முதுகலை உண்டு. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. கட்டணம் அரசுப் பல்கலைக்கழகங்களைவிடப் பல மடங்கு என்பதால் உதவித்தொகை விவரத்தை முதலில் விசாரியுங்கள்.

2. முதல் மாதம்: தமிழ்த் தட்டச்சு, அப்புறம் தமிழ்

தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள். 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் 'amma' என்று ஒலிபெயர்த்து அடிப்பது தொடக்கத்தில் சுலபம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் அடிக்கும் வேலையில் விரல் சோர்ந்துபோகும். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் கை பழகிவிடும். செமஸ்டர் தொடக்கத்தில் செய்யாவிட்டால் பிறகு நேரமே கிடைக்காது, அதனால்தான் இதை முன்னால் வைத்தேன்.

யூனிகோடில் மட்டும் சேமியுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பக்க வடிவமைப்புக்குப் பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேட்டால் மாற்றித் தரலாம். உங்கள் மூலப் பிரதி பழைய எழுத்துருவில் இருந்தால், ஐந்து வருடம் கழித்துத் திறக்கும்போது வெறும் கிறுக்கலாகத் தெரியும், கூகுளிலும் சிக்காது.

இனி மொழி. தினமும் 150 சொல்லில் ஒரு செய்தி எழுதுங்கள். கல்லூரி பஸ் நேற்று ஏன் தாமதமாக வந்தது என்பதே போதும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பவற்றில் எது வாசகருக்கு முக்கியமோ அது முதல் வரியில் வர வேண்டும்.

புதியவர்களிடம் நான் அடிக்கடி அடித்துத் திருத்துவது இரண்டு. ஒன்று, போலீஸ் தமிழ்: 'மேற்படி நபர்', 'சம்பவ இடத்திலேயே பரிதாபமாக', 'போலீசார் தீவிர விசாரணை'. எஃப்.ஐ.ஆரிலிருந்தும் பழைய செய்திகளிலிருந்தும் தொற்றிக்கொண்டவை இவை. விசாரணை எப்போது தீவிரமில்லாமல் நடந்தது? இன்னொன்று, செய்திக்குறிப்பை அப்படியே இறக்குவது. அரசுச் செய்திக்குறிப்பில் வரும் 'மாண்புமிகு', 'சிறப்பாக நடைபெற்றது' எல்லாம் அனுப்பியவரின் சொற்கள். அவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், மீதி என்ன இருக்கிறதோ அதுதான் செய்தி. சில நாள் எதுவுமே மிஞ்சாது.

3. ஒரு பீட்டைப் பிடியுங்கள், அது சின்னதாக இருக்கட்டும்

பீட் என்றால் ஒரு நிருபர் தொடர்ந்து கவனிக்கும் துறை அல்லது இடம். 'அரசியல் பீட்', 'சினிமா பீட்' என்று முதல் வருடத்தில் எடுத்தால் சென்னையில் இருக்கும் நூறு நிருபர்களோடு நீங்கள் போட்டி போட வேண்டும். உங்கள் வார்டு, உங்கள் ஒன்றியம், உங்கள் ஊர் அரசு மருத்துவமனை, உங்கள் ஏரி என்று எடுத்தால் போட்டியே இல்லை. ஒரே இடத்துக்கு ஒரு வருடம் போய்க்கொண்டே இருப்பதுதான் பீட்.

எங்கே போவது? திங்கட்கிழமை காலை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மனுவோடு வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர்க் கிராம சபையில் உட்கார பிரெஸ் கார்டு தேவையில்லை. அந்த ஊர் வாக்காளர் என்றால் அது உங்கள் சபை.

இந்த ஆறு தேதியையும் இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். ஆறில் நான்குக்குப் போனாலே, ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோரிக்கை கண்ணில் படும். ஜனவரியில் தீர்மானம் போட்டது அக்டோபரிலும் தீர்மானமாகவே இருக்கிறது என்றால், அதுதான் உங்கள் முதல் செய்தி.

முதல் இரண்டு முறை ஃபோனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். என் மாணவர் ஒருவர் குறைதீர்க்கும் நாளில் நுழைந்ததுமே மைக்கை நீட்டினார். மனு கொடுக்க வந்த பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் 'டிவிக்காரங்க' என்று விலகினார்கள். அடுத்த வாரம் அதே பையன் வெறும் நோட்டோடு போய், ஒரு டீ வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தான். ஒரு பட்டா மாறுதலுக்காக நான்காவது தடவை வந்திருக்கும் மனிதர் தானாகவே நான்கு மனு ரசீதுகளையும் எடுத்து நீட்டினார்.

பேசியவரின் பெயர், வயது, ஊர், தொடர்பு எண், பேசிய தேதி: இவற்றை அன்றிரவே ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். 'அப்புறம் எழுதலாம்' என்று விட்ட நோட்டை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. பெயரில் இனிஷியலையும் எழுத்தையும் அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். சரவணன், சரவணக்குமார், எஸ். சரவணன் மூவரும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

4. எண்கள்: இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்

'கணக்கு வராது, அதான் மீடியாவுக்கு வந்தேன்' என்று வகுப்புக்கு நான்கு பேராவது சொல்வார்கள். நானும் அப்படி வந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அணைச் செய்தி ஒன்றில் 'கன அடி'க்கு முன்னால் 'வினாடிக்கு' என்ற சொல்லை இடம் பற்றாமல் வெட்டினேன். மறுநாள் டெல்டா விவசாயி ஒருவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "தம்பி, பத்தாயிரம் கன அடின்னா எங்க ஊர் குளத்துக்கே பத்தாது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நீர்க்கணக்கிலிருந்தே தொடங்குங்கள், தமிழ்ச் செய்தியில் வருடம் முழுவதும் வருவது அதுதான். 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்பது ஓடும் அளவு; செய்தியில் வெறும் 'கன அடி' என்று சுருக்கினாலும் நீர்வரத்துக்கு அதுதான் பொருள். டி.எம்.சி. என்பது தேங்கியிருக்கும் அளவு, நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக, வினாடிக்கு சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 'நீர்வரத்து 12,000 கன அடி' என்ற வரியைப் படித்ததும், இந்த வேகத்தில் நாளைக்குள் ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேல் சேரும், திறந்துவிடுவதைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று மனதில் ஓட வேண்டும்.

அடுத்தது சதவீதம். தேர்ச்சி 80 சதவீதத்திலிருந்து 90 சதவீதமானால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதக் கணக்கில் 12.5 சதவீத உயர்வு. இரண்டும் வேறு. 'பத்து சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் தவறு.

ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கும்போது பூஜ்யம் தொலைந்துபோகும். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். என் மானிட்டரில் இன்றும் இருக்கிறது, வெட்கமில்லை.

மழை அளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரையான 24 மணி நேரத்துக்கானது. செவ்வாய்க்கிழமை காலை வரும் பட்டியலில் திங்கட்கிழமைப் பகல் மழையும் சேர்ந்திருக்கும். 'இன்று கொட்டிய மழை' என்று தலைப்பு வைத்தால், அன்று ஜன்னல் வழியாக வெயில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

பயிற்சி: வாரம் ஒரு செய்தியை எடுத்து, அதில் உள்ள எண்களை மட்டும் கால்குலேட்டரில் திரும்பப் போட்டுப் பாருங்கள். கூட்டல் ஒத்துவருகிறதா? முன்பு எவ்வளவு இருந்தது என்ற ஒப்பீடு இருக்கிறதா? மக்கள்தொகைக்கு எவ்வளவு என்று வகுத்தால் கதை மாறுகிறதா? பல நேரம் மாறும்.

5. ஆவணம் தேடப் பழகுங்கள், ஆர்டிஐயை முதல் வாரமே போடுங்கள்

ஒருவர் சொன்னார் என்பது செய்தியின் தொடக்கம். தாளில் இருப்பது அதன் முதுகெலும்பு.

காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை ஏராளம். மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான நிதியைச் சட்டமன்றத்தில் கேட்கும்போது) ஒவ்வொரு துறையும் அங்கே வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, தமிழிலேயே கிடைக்கும். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகள். வேட்பாளர்களின் சொத்துப் பிரமாணப் பத்திரம், தேர்தல் ஆணையத் தளத்தில். வழக்கின் நிலை, இ-கோர்ட்ஸ் தளத்தில்; வழக்குக்கென்றே தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் அரை நிமிடம். பட்டா, சிட்டா விவரம், சர்வே எண்ணோடு. எஃப்.ஐ.ஆர். நகல், காவல்துறைத் தளத்தில்; பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் மட்டும் ஏற்றப்படாது.

அங்கே இல்லாததற்கு ஆர்டிஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், ஆன்லைனிலும் போடலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பதில் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கூட்டிப் பாருங்கள்: ஒரு செமஸ்டர் போய்விடும். அதனால்தான், ஐந்தாவது படியாக இருந்தாலும், வகுப்பு தொடங்கிய முதல் வாரமே விண்ணப்பத்தை மட்டும் போடச் சொல்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போட்டவர்கள் 'பதில் வரவில்லை' என்ற ஒரு வரியோடு வைவாவுக்கு வந்து நிற்பார்கள்.

எழுதும்போது நேரும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான்.

'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்பது. காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. கையில் உள்ள ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. 'இன்ன சாலைக்கான நிர்வாக ஒப்புதல் ஆணை, பணி உத்தரவு, அளவீட்டுப் புத்தகத்தின் நகல்' என்று கேளுங்கள்.

கல்லூரி லெட்டர்பேடில், ஹெச்.ஓ.டி. கையெழுத்தோடு அனுப்புவது. உரிமை குடிமகனுக்கு. உங்கள் பெயரில், வீட்டு முகவரியில் போடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, சட்டத்தின் 6(2) பிரிவே அப்படிச் சொல்கிறது. 'நான் ஒரு இதழியல் மாணவன்' என்று அறிமுகம் எழுதி அவர்களை உஷார்படுத்துவானேன்?

ஒரே விண்ணப்பத்தில் இருபது கேள்வி. மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். தனிநபர் பெயர்களைக் கேட்பதைவிட எண்ணிக்கை, தொகை, தேதி கேட்பது நல்லது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியதால், தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பதற்கு வழி அகலமாகியிருக்கிறது.

6. சரி, இப்போது ஃபோனை எடுங்கள்

செய்தி கையில் இருக்கிறது, யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும், ஆவணம் இருக்கிறது. இனி எதைப் படமெடுப்பது என்ற குழப்பம் வராது. முன்னால் கேமரா வாங்கியவர்கள் போன இடத்தையெல்லாம் எடுத்து, இரவு முழுக்க எடிட்டில் எதை வெட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போகும் முன்பே படுக்கையாகவா செங்குத்தாகவா என்று முடிவு செய்யுங்கள். யூட்யூப், டிவி என்றால் 16:9, ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் 9:16. பாதியை அப்படியும் பாதியை இப்படியும் எடுத்தால் இரண்டுக்கும் உதவாது.

லென்ஸைத் துடையுங்கள். சாதாரண விஷயம்தான், பாதிப் பேர் செய்வதில்லை. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நல்ல பைட் (ஒருவர் கேமரா முன் பேசும் துண்டு) நடுவே கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும்.

அலுவலகத்துக்குள் டியூப் லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகத் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமைப்பில் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு வேலையைப் படமெடுக்க ஐந்து ஷாட் போதும்: கை, முகம், இரண்டும் சேர்ந்து, தோளுக்குப் பின்னாலிருந்து, கடைசியாக யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம். ஒவ்வொன்றையும் அசையாமல் பத்து வினாடி பிடியுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள், இல்லாவிட்டால் நான்கில் கை நகர்ந்துவிடும்.

படம் கொஞ்சம் மோசமாக இருந்தால் மக்கள் பார்ப்பார்கள். சத்தம் மோசமாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பேட்டி தொடங்கி ஒரு நிமிடத்தில் நிறுத்தி, இயர்ஃபோனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் முப்பது வினாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். எடிட்டில் வெட்டு தெரியாமல் ஒட்ட அது உதவும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், படம் எடுத்த நேரம், இடம் போன்ற உள்தகவலும் அழிந்துபோகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலக் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கினால் தேடுவது எளிது.

7. வெளியிடும் முன்: உண்மையா?

தமிழ்நாட்டில் அதிகம் ஏமாற்றுவது போலி நியூஸ் கார்டு. ஏதோ ஒரு டிவியின் லோகோ, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வரி. முதல் வேலை, அந்தச் சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து எழுத்துரு: அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 'ழ' வின் வளைவிலேயே பாதி பிடிபடும்.

பழைய படம் புதிய பெயரில் வருவது அடுத்த வகை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளப் படங்கள் அதன் பிறகு வந்த மழைகளிலும் சுற்றியிருக்கின்றன. கூகுள் லென்ஸில் போட்டு, எந்தத் தேதிக்கு முன்பே அது இணையத்தில் இருந்தது என்று தேடுங்கள். வீடியோ என்றால் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இன்விட் செருகுநிரல் அதை நிலைப்படங்களாகப் பிரித்துத் தரும்.

அப்புறம் கண்ணைப் பயன்படுத்துங்கள். கடைப் பலகையில் என்ன மொழி? வண்டி எண் டிஎன் 72 என்றால் திருநெல்வேலி. வீடியோவில் 'கோவை' என்று எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். அது முடிவான ஆதாரம் ஆகாது, நெல்லை வண்டி கோவைக்குப் போகக்கூடாதா என்ன? ஆனால் விசாரிக்க ஒரு நூல் கிடைத்துவிடும்.

ஏ.ஐ. கருவிகளைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். பேட்டியை எழுத்தாக்கப் பயன்படுத்தலாம். ஆனால் வட்டார வழக்கிலும் எண்களிலும் ஊர்ப் பெயர்களிலும் அவை தடுமாறும்; மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் ஒலியோடு வைத்துக் கேளுங்கள். தகவல் கேட்கப் பயன்படுத்தாதீர்கள், இல்லாத அரசாணைக்கு எண்ணும் தேதியும் போட்டுத் தரும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் குரலை இலவசத் தளத்தில் ஏற்றவே கூடாது.

8. சட்டம்: இதைத் தாண்டித்தான் 'பப்ளிஷ்' பொத்தான்

தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் தாள் இது. ஆனால் சொந்த யூட்யூப் சேனலில் போட்டாலும் இது பொருந்தும்; 'நான் மாணவன்தானே' என்பது பாதுகாப்பு ஆகாது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிவரக் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அடையாளம் என்பது பெயர் மட்டுமல்ல. பள்ளியின் பெயர், தெரு, அப்பாவின் தொழில், வீட்டு வாசல் படம் எல்லாம் அதில் அடங்கும். புதியவர்கள் பெயரை மாற்றிவிட்டு, ஊரையும் தந்தையின் பெயரையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முகத்தை மங்கலாக்கிவிட்டுக் குரலை மாற்றாமல் விடுவதும் அதே தவறுதான்.

கைதானவர் குற்றவாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். 'கொலையாளி சிக்கினான்' என்ற தம்ப்நெயில், அவர் விடுதலையாகும் நாளில் உங்கள் மேல் அவதூறு வழக்காகத் திரும்பலாம். 'சிக்கினான்' என்ற ஒருமையும் வேண்டாம்.

தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தைத் தலைப்பாக்காதீர்கள், உதவி எண்களைச் சேருங்கள்: 104, டெலிமானஸ் 14416.

'நன்றி: இணையம்' என்று போட்டால் காப்புரிமை தீர்ந்துவிடாது. படம் எடுத்தவரிடம் கேளுங்கள். நேரமில்லை என்றால் நீங்களே எடுத்த சுமாரான படம் மேல்.

9. வெளியிடுங்கள், ஆனால் எண்ணிக்கைக்காக அல்ல

மூன்று வருட முடிவில் நல்ல செய்தி எட்டோ பத்தோ போதும். முதலில் லேப் ஜர்னல். பிறகு வெளியே முயலுங்கள். ஊரக வாழ்க்கையைப் பதிவு செய்யும் 'பாரி' தளத்தின் கல்விப் பிரிவு மாணவர்களின் படைப்புகளை வெளியிடுகிறது, தமிழிலும் வருகிறது. அவர்களின் எடிட்டிங் கடுமையாக இருக்கும், அதற்காகவே அனுப்பலாம். விகடன் குழுமம் பல வருடங்களாக நடத்திவந்த மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தின் அறிவிப்பையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

தலைப்பில் ஊர்ப் பெயரும் விஷயமும் இருக்கட்டும். 'கண்ணீரில் கிராமம்' என்று யாரும் கூகுளில் தேடுவதில்லை. தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், என்ன மாற்றினோம், என்று மாற்றினோம் என்று அடியில் ஒரு வரி போடுங்கள்.

10. இன்டர்ன்ஷிப்: நான்காவது செமஸ்டர் விடுமுறையில்

அதற்கு முன் போனால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. கடைசி செமஸ்டரில் போனால், கற்றதைத் திரும்பி வந்து பயன்படுத்த நேரமிருக்காது.

விண்ணப்பம் பத்து வரி. யார், எந்தத் தேதிகளில் வர முடியும், மூன்று செய்திகளின் இணைப்பு, ஒவ்வொன்றையும் எப்படிச் சேகரித்தீர்கள் என்று ஓரிரு வரி. 'சிறு வயதிலிருந்தே ஊடகத்தின் மீது தீராத ஆர்வம்' என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

சென்னைத் தலைமை அலுவலகத்துக்கே எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே பல இன்டர்ன்கள் மாதம் முழுக்க மற்ற தளங்களின் செய்தியை ரீரைட் செய்துவிட்டு சான்றிதழோடு திரும்புகிறார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் பாருங்கள். அங்கே ஆள் குறைவு. இரண்டாம் நாளே நீதிமன்றம், ஜி.ஹெச்., கலெக்டர் ஆபீஸ் என்று நிருபரோடு பைக்கில் சுற்றுவீர்கள்.

ஒரு வாரமாவது டெஸ்க்கில் உட்கார அனுமதி கேளுங்கள். உங்கள் காப்பியை (எழுதிக் கொடுத்த செய்தியை) சப் எடிட்டர் திருத்தும்போது பின்னால் நின்று பாருங்கள், முடிந்தால் திருத்திய பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் செய்ய வேண்டியது: வெளியான உங்கள் செய்திகள் ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு நகல் ஏற்றுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகும். என்னுடைய முதல் ஐந்து வருடச் செய்திகளில் இன்று இணையத்தில் திறப்பவை மூன்றுதான்.